கிருபாவதி கட்டிய சணல்

பொறாமை என்றால் என்னவென்றே நாற்பத்தொரு வயதுவரை தனக்குத் தெரியாது என்று கிருபாவதி சொல்லுவாள். அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அதுவரை பொறாமைப்படும்படி கம்பத்தில் அவள் தொழிலில் வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

சுருளிப்பட்டிக்காரி. பள்ளிக்கூடம் முடித்த கையோடு மூன்று வருஷம் திராட்சைப் பந்தலில் கொடி கட்டப் போனாள். நாள் முழுக்க அண்ணாந்து பார்த்து, இரண்டு கையையும் தூக்கி, தளிர்க்கொடியைக் கம்பியோடு சேர்த்துச் சணலால் கட்ட வேண்டும். சாயங்காலம் கழுத்து திரும்பாது. அந்த வேலையை அவள் மனதார வெறுத்தாள். கம்பத்தில் ஒரு டைப்பிங் சென்டரில் சேர்ந்ததும், அங்கே பழுதாகிக் கிடந்த கம்ப்யூட்டர்களைக் கழற்றிப் பூட்டிப் பழகியதும், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸைப் பற்றித் தெரிந்த ஒரு ஆளும் இல்லாத ஊரில் புத்தகத்தையும் இன்டர்நெட்டையும் வைத்துத் தானே கற்றுக்கொண்டதும், எல்லாமே அந்தப் பந்தலுக்குத் திரும்பிப் போகக் கூடாது என்ற பிடிவாதத்தில்தான். இப்போது மார்க்கெட் பக்கம் ஒரு ஷட்டர் அகலத்தில் சொந்தக் கடை. புருஷன் ஈஸ்வரபாண்டி கேரளா எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறான்.

பந்தலிலிருந்து அவள் கூடவே வந்தது ஒன்றே ஒன்று. கம்ப்யூட்டருக்குள் ஓடும் வயர்களை எல்லாரும் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்குவார்கள். அவள் சணல் கயிற்றால் கட்டுவாள், கொடி கட்டும் அதே கட்டு. முதலில் சிரித்தவர்கள்கூடப் பிறகு பெட்டியைத் திறந்ததும், "இது கிருபா கட்டுல்ல" என்று சொல்லும் அளவுக்கு அது அவளுடைய கையெழுத்தாகிவிட்டது.

அவள் பூட்டியதிலேயே பெரிய பேர் வாங்கியது இப்ராஹிம் பாயின் கம்ப்யூட்டர்தான். பாய் லோக்கல் சேனல் நடத்துகிறார். மத்தியானம் ஒரு படம், சாயங்காலம் பாட்டு, நடுநடுவே நகைக்கடை விளம்பரம், காதணி விழா அழைப்பு, கண்ணீர் அஞ்சலி. திரைக்கு அடியில் ஓயாமல் ஒரு வரி ஓடும். எந்தத் தெருவில் கரண்ட் கட், யார் வீட்டு ஆட்டைக் காணோம் என்பதெல்லாம் அதில் வரும். முன்பிருந்த கம்ப்யூட்டரில் படத்தின் உச்சக்கட்டத்தில் அப்டேட் வந்து திரை நீலமாகிவிடும். ஊரே பாய்க்கு போன் போட்டு ஏசும். கிருபாவதி புதுப் பெட்டி பூட்டி லினக்ஸ் போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு ஏழு வருஷம் ஒரு சத்தமில்லை.

அந்த வீட்டில் அவளுக்கு இருந்த மரியாதையே தனி. பாய் யாரிடம் பேசினாலும் "நம்ம கிருபா" என்றுதான் சொல்லுவார். அவர் மனைவி சமீனா, தங்கக்கோடு போட்ட கண்ணாடி கிளாசில் ஏலக்காய் டீ கொண்டுவந்து வைப்பாள். அந்த கிளாஸ் நெருங்கிய சொந்தக்காரர்களுக்கு மட்டும் அலமாரியிலிருந்து இறங்கும். கிருபாவதிக்கு அந்த டீயைவிட அந்தக் கோடு முக்கியம்.

இப்படி இருக்கும்போதுதான் பிரின்ஸ் வந்தான். பழனிசெட்டிபட்டிக்காரன், முப்பத்தைந்து வயது இருக்கும். உத்தமபாளையம் போகும் ரோட்டில் கண்ணாடிக் கதவு வைத்துக் கடை திறந்தான். சொந்தக் கடைக்குள்ளேயே கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு நிற்பான். அதைப் பார்த்தாலே கிருபாவதிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வேலை தெரிந்தவன், வாய் அதிர்ந்து பேசாதவன். அதுதான் அவளுக்கு இன்னும் தாங்கவில்லை. அரைகுறையாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம்.

போன மே மாதம், சேனலில் புதுப்படம் ஏற்றுவதற்காகப் பாய் வீட்டுக்குப் போனாள். மேசைக்கு அடியில் பெட்டி பளபளவென்று இருந்தது.

"யாரு பாய் தொடச்சது?"

"பிரின்ஸு தம்பிதான். டிவிக்கு ஒரு வயர் மாட்ட வந்தாக. தூசியா இருக்கேன்னு அவுகளே கழட்டிச் சுத்தம் பண்ணிக் குடுத்துட்டாக. காசுகூட வாங்கல" என்றார் பாய்.

பிரின்ஸு தம்பி. வந்தாக. குடுத்துட்டாக. நேற்று வந்தவனுக்கு இத்தனை மரியாதையா? கிருபாவதி பெட்டியைத் திறந்தாள். அவள் கட்டியிருந்த சணல் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டுக் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டை போட்டிருந்தான். வயிறு எரிந்தது என்பது வெறும் பேச்சு இல்லை, நிஜமாகவே நெஞ்சுக்குக் கீழே சுட்டது. ஏழு வருஷம் கெடாத கட்டு. யாரைக் கேட்டு வெட்டினான்?

"பாய், இன்னொரு ஆளு கை வச்சா நான் எதுக்கு? ஏங் கட்டு என்ன பாவம் பண்ணுச்சு?" கேட்கும்போதே கண் கலங்கியது. பாய் பதறிப்போனார். "ஐய, இதுக்குப் போயா ஆத்தா" என்றார்.

அவர் உள்ளே போனதும், பை அடியில் கிடந்த சணலை எடுத்தாள். பிளாஸ்டிக் பட்டைகளை நறுக்கித் தள்ளினாள். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றி, முடிந்தமட்டும் இழுத்து, முடிச்சுப் போட்டாள். இனி ஒருத்தன் வெட்ட வந்தால் கத்தரி மழுங்க வேண்டும் என்று நினைத்தாள்.

ஜூன் இரண்டாவது வாரம் முதல் தொந்தரவு வந்தது. ஓடிக்கொண்டிருந்த படம் சட்டென்று நின்றது. முப்பது விநாடி கழித்துத் தானாக ஓடியது. மறுநாள் ஒரு கண்ணீர் அஞ்சலி முக்கால் நிமிஷம் அசையாமல் நின்றது. இறந்தவரின் வீட்டார் போன் போட்டு, நிறுத்தி நிதானமாகக் காட்டியதற்கு நன்றி சொன்னார்கள். மூன்றாம் நாள் படம் அறவே நின்றுவிட்டது.

கிருபாவதி ஓடினாள். லினக்ஸ் தனக்கு நேர்ந்ததையெல்லாம் வரி வரியாக எழுதி வைக்கும். ஹார்ட் டிஸ்க் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை, மறுபடி மறுபடி கூப்பிட்டுப் பார்த்தேன், கடைசியில் இனி இதில் எதையும் எழுதுவதில்லை என்று பூட்டிவிட்டேன் என எழுதியிருந்தது. அவள் டிஸ்க்கைப் பரிசோதித்துச் சரிசெய்து ஓடவிட்டாள். வெயில் அடித்த இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் நின்றது. வோல்டேஜ் கோளாறு என்று சொல்லி யூபிஎஸ் பேட்டரியை மாற்றினாள். ஒருநாள் ஓடி மறுபடி நின்றது. பெட்டிக்குக் கரண்ட் தரும் சப்ளையை மாற்றினாள். அதற்கும் மசியவில்லை. எந்நேரமும் கெட்டுக் கிடந்தால் கண்டுபிடித்துவிடலாம். அவள் போய் உட்கார்ந்தால் சமர்த்தாக ஓடுகிறது, கடைக்குத் திரும்பினால் பாய் போன் போடுகிறார்.

நான்காவது தடவை பாய் அவளைக் கூப்பிடவில்லை. மார்க்கெட்டில் யாரோ சொல்லித்தான், பிரின்ஸ் போய்ப் புது டிஸ்க் மாட்டினான் என்று அவளுக்குத் தெரிந்தது.

தெரிந்த மறுநாள், வேலை இருப்பதுபோல் அந்த வீட்டுக்குப் போனாள். பிரின்ஸ் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். தங்கக்கோடு போட்ட கிளாஸ். "வாங்கக்கா" என்று எழுந்து நின்றான். சமீனா அவளுக்கும் டீ கொண்டுவந்தாள், பேப்பர் கப்பில். மற்ற கிளாஸெல்லாம் கழுவப் போட்டிருப்பாள் என்று புத்தி சொன்னது. புத்தி சொல்வதை அன்றைக்கு யார் கேட்டார்கள்?

நாலு நாள் சேனல் நிற்கவே இல்லை. டீக்கடையில், மருந்துக்கடையில், ஜீப் ஸ்டாண்டில் எல்லாரும் பிரின்ஸைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். ஈஸ்வரபாண்டியே சோற்றைப் பிசைந்துகொண்டு, "பய கெட்டிக்காரன்தான் புள்ள" என்றான். அவனுக்கு அன்று இரண்டாவது கரண்டி குழம்பு விழவில்லை.

ஐந்தாம் நாள் காலையிலிருந்து சாரல். மலை தெரியவில்லை. பதினொரு மணிக்குக் கடையில் இருந்த டிவியில் படம் நின்றது. கிருபாவதி எழுந்து நின்று பார்த்தாள். பத்து விநாடி, இருபது விநாடி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெட்கமில்லாமல் சொல்வதானால், அந்த வருஷத்தில் அவள் அத்தனை சந்தோஷமாக இருந்தது அந்த நிமிஷம்தான்.

குடைகூட எடுக்காமல் பாய் வீட்டுக்குப் போனாள். "நான் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன் பாய். அது புது டிஸ்க்கு இல்ல. எங்கனயோ ஓடித் தேஞ்சதுக்கு மேல புது ஸ்டிக்கர ஒட்டி உங்க தலையில கட்டிட்டாக."

டிஸ்க்கை அவள் கழற்றிப் பார்க்கவில்லை. சோதித்தும் பார்க்கவில்லை. நாக்கு மேல் பல்லைப் போட்டுச் சொன்னாள், அவ்வளவுதான்.

பாய் சாதாரணமாகக் கோபப்படமாட்டார். ஏமாற்றிவிட்டான் என்றால் மட்டும் தாங்கமாட்டார். நேரே பிரின்ஸ் கடைக்குப் போய், ரோட்டில் நின்று, பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் பார்க்க ஏசினார். பிரின்ஸ் டிஸ்க் வந்த அட்டைப்பெட்டியை எடுத்து நீட்டினான். பாய் அதைத் தட்டிவிட்டார். இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு லாட்ஜும் ஒரு பள்ளிக்கூடமும் அவனுக்குக் கொடுத்திருந்த வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டன. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவன் சும்மா உட்கார்ந்திருப்பதைக் கிருபாவதி ஸ்கூட்டியில் போகும்போது பார்த்தாள். கழுத்தில் அட்டை இல்லை. மனசு குளிர்ந்ததா என்றால், குளிரத்தான் செய்தது.

பாய் ஏசிய அன்றைக்கே, பிரின்ஸ் போட்ட டிஸ்க்கைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஏழு வருஷம் ஓடிய தன் பழைய டிஸ்க்கையே மாட்டினாள். "பாருங்க பாய், இதுவே நல்லாத்தான் இருக்கு." வெயில் அடித்த மூன்று நாள் நன்றாகவே ஓடியது.

நான்காம் நாள் சாரல் பிடித்தது. சேனல் நின்றது.

இப்போது பழி போட ஆள் இல்லை. பாய் வெளியே போயிருந்தார். சமீனா கதவைத் திறந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கிருபாவதி தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். எதையும் மாற்றாமல், முதல் தடவையாக, பொறுமையாகப் பார்த்தாள்.

ஹார்ட் டிஸ்க் தன் உடம்புக்கு என்ன என்பதைத் தானே குறித்து வைத்திருக்கும். கேட்டால் சொல்லும். அதைக் கேட்க ஒரு நிமிஷம் ஆகாது. இத்தனை நாள் அவள் கேட்கவில்லை, அவ்வளவுதான். தன் டிஸ்க்கைக் கேட்டாள். தட்டில் பழுதான இடம் எத்தனை? ஒன்றுமில்லை. வழியில் சிதைந்துபோன தகவல் எத்தனை? ஆயிரத்துக்கு மேல். அதாவது டிஸ்க் அனுப்புவது சரியாகத்தான் அனுப்புகிறது, போகிற வழியில் கெடுகிறது.

பையிலிருந்து பிரின்ஸின் டிஸ்க்கை எடுத்தாள். வேறொரு வயரில் மாட்டிக் கேட்டாள். பழுதான இடம் இல்லை. வழியில் சிதைந்தது நூற்றுச் சொச்சம். பிறந்ததிலிருந்து எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது? நூற்றுப் பதினெட்டு.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பிரின்ஸ் மாட்டிய நாளிலிருந்து அவள் கழற்றிய நாள்வரை ஐந்து நாள். அதற்கு முன்னால் அந்த டிஸ்க் ஒரு மணி நேரம்கூட எங்கும் ஓடியிருக்க இடமில்லை. புத்தம் புதுசு.

கிருபாவதிக்குக் காது சூடேறியது. சமீனா வருகிறாளா என்று அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

கோளாறுகள் வர வர எழுதிக்காட்டும்படி திரையைத் திறந்துவைத்தாள். டிஸ்க்கிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் மெல்லிய சிவப்பு கேபிளை மெதுவாகத் தொட்டாள். ஒரு வரி விழுந்தது. இன்னும் கொஞ்சம் அசைத்தாள். நாலு வரி விழுந்தது. கேபிளின் முனை செருகியிருந்த இடத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மயிரிழை வெளியே வந்திருந்தது. அதை அப்படி இழுத்துப் பிடித்திருந்தது எது? விரலால் தடவிக்கொண்டே போனாள்.

அவள் கட்டிய சணல். மூன்று சுற்று. ஜன்னல் வழியாக வந்த சாரல் காற்றில் ஊறி, விறைத்து, வயர்களைக் கவ்விப் பிடித்திருந்தது. நனைந்தால் சணல் இறுகும், காய்ந்தால் தளரும் என்பது பந்தலில் மூன்று வருஷம் நின்றவளுக்குத் தெரியாதா? கட்டுக்கும் கொடிக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய இடம் விட வேண்டும் என்பதுதான் அங்கே முதல் நாள் வேலையே. ஏழு வருஷமாக அப்படித்தான் கட்டியிருந்தாள். மே மாதம் கட்டியதற்குள் விரலை நுழைத்துப் பார்த்தாள். நகம்கூடப் போகவில்லை.

கத்தரியால் வெட்டினாள். கேபிளை அழுத்திச் செருகினாள். வெளியே சாரல் வலுத்தது. அரை மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வரி விழவில்லை.

அப்புறம் அவள் செய்ததையும் சொல்லத்தான் வேண்டும். அறுந்த சணலைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள். யார் பார்த்தார்கள்? பிரின்ஸ் கதை முடிந்தது. சேனல் ஓடும். ஊர் பழையபடி தன் பக்கம் வரும்.

பாய் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். படம் ஓடுவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "என்னாத்தா, சரியாப் போச்சா? என்னவாம்?"

"வயர்தான் பாய். சரியா உக்காரல. மாட்டிட்டேன்."

"பாத்தியா, நம்ம கிருபாவுக்குத்தான் பிடிபடுது" என்றார் பாய். அந்த வார்த்தையைக் கேட்டு இரண்டு மாசம் ஆகியிருந்தது. "சமீனா, டீ கொண்டா. நல்ல கிளாஸ்ல கொண்டா." பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஏதோ ஞாபகம் வந்தவராகச் சிரித்தார். "அந்தப் பிரின்ஸு பயலும் மொத நாளே வயர்னுதான் ஆரம்பிச்சான். 'பாய், இந்தச் சணலை அவுத்துப் பாத்துருவோம்'னான். ரெண்டு தடவ கேட்டான். நான் விடலயே."

கிருபாவதி நிமிர்ந்தாள். "ஏன் பாய் விடல?"

"அதெப்படி விடுவேன்? போன தடவ வெட்டுனதுக்கே புள்ள நீ கண்ணு கலங்கிட்ட. 'எத வேணா மாத்து தம்பி, அந்தக் கட்டுல மட்டும் கை வைக்காத. அது நம்ம கிருபா கட்டுனது'ன்னு கண்டிச்சுச் சொல்லிப்புட்டேன். அப்பறந்தான் வேற வழியில்லாம டிஸ்க்க மாத்துனான். ஏமாத்துக்காரப் பய."

சமீனா டீயைக் கொண்டுவந்து வைத்தாள். தங்கக்கோடு வெளிச்சத்தில் மின்னியது. கிருபாவதியால் அதைத் தொட முடியவில்லை. தான் இல்லாத நேரத்தில், அவனை எதிரே வைத்துக்கொண்டே, இந்த மனுஷன் தனக்காகப் பேசியிருக்கிறார். பறிபோனது என்று அவள் வெந்து செத்த இடம் ஒருநாளும் பறிபோகவே இல்லை. அந்தப் பிரியம் காவல் நின்றதால்தான் கோளாறு உள்ளேயே இருந்தது. அதற்கு ஒருத்தன் பேர் கெட்டுப்போய்க் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான்.

கைப்பையைத் திறந்து சணலை எடுத்து மேசைமேல், டீக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அவுக ஏமாத்தல பாய். டிஸ்க்கு புதுசு. இப்பத்தான் பாத்தேன், முன்னாடி பாக்காமலே சொல்லிட்டேன். பொறாமையில சொன்னேன். கோளாறு இதுல இருந்துச்சு. இதையும் அவுக மேல இருந்த கோவத்துலதான் இப்படிக் கட்டுனேன்."

பாய் சணலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தாள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "யா அல்லா, ரோட்டுல வச்சுல்ல பேசிப்புட்டேன்" என்றார் கடைசியில்.

பிரின்ஸுக்கு போன் போட்டாள். மணி அடித்து நின்றது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. அவனிடத்தில் தான் இருந்தாலும் எடுத்திருக்கமாட்டாள்.

கீபோர்டை இழுத்தாள். திரைக்கு அடியில் ஓடும் வரியைத் திறந்தாள். உத்தமபாளையம் ரோட்டு மின்தடைக்கும் காணாமல் போன ஆட்டுக்கும் நடுவே இடம் பிடித்துத் தட்டினாள்.

"நமது சேனல் நின்று நின்று போனதற்குப் பிரின்ஸ் கொடுத்த டிஸ்க் காரணம் அல்ல. அது புத்தம் புதியது. நான் இறுக்கிக் கட்டிய கயிறுதான் காரணம். சோதிக்காமல் அவர்மேல் பழி சொன்னதும் நான்தான். கிருபாவதி, சுருளிப்பட்டி."

"ஊருக்கெல்லாமா ஆத்தா?" என்றார் பாய்.

"நீங்க ஊரு பாக்கத்தான பாய் ஏசுனீக."

வரி ஓட ஆரம்பித்தது. நாலு நிமிஷத்துக்கு ஒருதரம் சுற்றிச் சுற்றி வந்தது. முதல் சுற்று முடிவதற்குள் ஈஸ்வரபாண்டி ஜீப் ஸ்டாண்டிலிருந்து போன் போட்டான். "ஏ புள்ள, டீக்கடை டிவியில ஒம் பேரு ஓடுது. எல்லாரும் வாசிக்கிறாக. நெசமா?" "நெசந்தான்" என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு போன் ஓயவில்லை. அதில் பிரின்ஸ் பேர் மட்டும் வரவில்லை.

வெளியே சாரல் விட்டபாடில்லை. இந்த ஒரு மாசமாக இப்படி ஒரு சாரல் அடித்தால் சேனல் பத்து தடவையாவது நின்றிருக்கும். கிருபாவதி தரையிலேயே உட்கார்ந்து தன் பேர் வலமிருந்து இடமாக நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒருதரம், ஒரு பத்து விநாடி, தன் பேர் வருவதற்கு முன்னால் நின்று தொலைத்தால் என்ன என்று இருந்தது. சாயங்காலம்வரை அது ஒரு இடத்திலும் நிற்கவில்லை.